மசாய் மாரா போக முதலில் கிண்டிக்குப் போங்கள்

கேள்வி: வரும் ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு எட்டு நாள் பயணமாகப் போகிறோம். நான், கணவர், 11 வயது மகன், 64 வயது மாமியார். மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. "கென்யாவுக்கு விசாவே வேண்டாம், அங்கே எந்த ஊசிச் சான்றும் கேட்க மாட்டார்கள்" என்கிறார் ஏஜென்ட். போய் வந்த தோழியோ மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்கிறார். யார் சொல்வது சரி? இன்சூரன்ஸ் எப்படி எடுப்பது? என்னென்ன எடுத்துப் போவது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

உங்கள் ஏஜென்ட் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்பதில்லை. கேட்கப் போவது திரும்பி வரும்போது, நம் விமான நிலையத்தில். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கென்யா இருக்கிறது. அந்த நோய் நம் நாட்டில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. வைரஸ் மட்டும்தான் பாக்கி. அதனால் இந்த ஒரு விஷயத்தில் அதிகாரிகளிடம் கெஞ்சிப் பயனில்லை. செல்லுபடியாகும் சான்று இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

ஊசி ஒரே ஒரு தடவைதான், ஆயுளுக்கும் செல்லும். ஆனால் போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று உயிர் பெறும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நினைத்த நாளில் போய் நிற்க முடியாது. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால் ஆள் சேர்த்துக் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். முன்பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். பாஸ்போர்ட் எண்ணும் பெயரின் எழுத்தும் சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு இதை முடிப்பது நிம்மதி.

சான்றாகத் தரும் அந்த மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். நான் அழைத்துப் போன குழுவில் ஒருவர் "பத்திரமாக இருக்கட்டும்" என்று அதைச் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிட்டார். திரும்பி இறங்கியதும் சுகாதாரக் கவுன்டர் இமிக்ரேஷனுக்கு முன்னால் இருக்கிறது, பெட்டி வரும் பெல்ட்டோ அதற்கு அப்பால். புத்தகம் இருக்கிறது, ஆனால் எடுத்துக் காட்ட வழியில்லை. ஒன்றேகால் மணி நேரம் நாங்கள் எல்லோரும் காத்துக் கிடந்தோம்.

உங்கள் மகனுக்குப் பிரச்சினை இல்லை. யோசிக்க வேண்டியது மாமியார் விஷயத்தில்தான். இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸைக் கொண்ட தடுப்பூசி. 60 வயதைத் தாண்டி முதல் முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு, அபூர்வம்தான் என்றாலும், மற்றவர்களைவிடக் கூடுதல். சர்க்கரையோ பிரஷரோ மட்டும் தடை அல்ல. ஆனால் முட்டை அலர்ஜி, ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, தைமஸ் சுரப்பிக் கோளாறு இதில் ஏதாவது உண்டா என்று அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முதலில் கேளுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே கேளுங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் விலக்குச் சான்று தருவார்தான், ஆனால் அது இருந்தாலும் தனிமைப்படுத்தும் அதிகாரம் இங்குள்ள அதிகாரிகளுக்கு உண்டு. அந்த நிலை வந்தால், என்னைக் கேட்டால், கென்யாவை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா பக்கம் போய்விடலாம். அந்த நாடு இந்தப் பட்டியலில் இல்லை. சிங்கம் எங்கே பார்த்தாலும் சிங்கம்தான்.

அடுத்து விசா. கென்யா 2024 ஜனவரி முதல் விசாவை எடுத்துவிட்டது உண்மை. அதற்குப் பதிலாக இ.டி.ஏ என்ற மின்னணு முன் அனுமதி வந்திருக்கிறது. கைக்குழந்தை வரை ஆளுக்கு ஒன்று வேண்டும், கட்டணம் 30 டாலர், அதன்மேல் கார்டுக் கட்டணம். குறைந்தது மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், நீங்கள் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டி இரண்டு மடங்கு வாங்கும் தனியார் தளங்கள் ஏராளம். முகவரி 'கோ.கே' (.go.ke) என்று முடிகிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் 6 மாதமாவது செல்ல வேண்டும், வெற்றுப் பக்கமும் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல், இனிஷியல். மாமியார் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கலாம், உங்களுடையதில் கணவர் பெயர் இருக்கலாம், மகனுடையதில் இனிஷியல் விரிந்திருக்கலாம். ஆதாரில் எப்படி இருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரியில் எப்படி இருக்கிறதோ, அப்படியே டிக்கெட்டிலும் இ.டி.ஏ-விலும் மஞ்சள் புத்தகத்திலும் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸில் பலரும் பிரீமியத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் வரைபடத்தைப் பாருங்கள். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம், கடைசிப் பகுதி கரடுமுரடு. சிறு விமானத்தில் முக்கால் மணி நேரம். காட்டுக்குள் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நைரோபிக்குக் கொண்டுபோக விமானம்தான் கதி. ஆகவே பாலிசியில் நான் முதலில் தேடுவது மருத்துவ வெளியேற்றம், அதாவது ஆபத்தில் விமானத்தில் தூக்கிப் போகும் செலவு, அதில் அடக்கமா என்பதை. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே குறுகிய காலத் திட்டம் உண்டு. காட்டில் பயணிகள் தங்கும் முகாம்கள் பலவும் அதைப் பேக்கேஜிலேயே சேர்த்திருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும்: அது வானத்து ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரிப் பில் உங்கள் பாலிசி கணக்கில்தான்.

மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். "எழுதினால் பிரீமியம் ஏறும்" என்று சொல்லும் ஆள் கிளெய்ம் சமயத்தில் போன் எடுக்க மாட்டார். எழுதினாலும்கூட, ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிராபத்து நிலையில் மட்டும்தான் பணம் என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். பலூனில் பறக்கும் எண்ணம் இருந்தால் 'சாகச விளையாட்டு' விலக்கில் அது வருகிறதா என்றும் பாருங்கள். தொகை ஆளுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறைய வேண்டாம் என்பது என் கணக்கு. பொருள் திருடுபோனால் அங்குள்ள போலீஸ் நிலையத்தில் புகார் பதிவு எண் வாங்காமல் வராதீர்கள், அது இல்லாமல் கிளெய்ம் நகராது.

இன்னொரு பணக் கணக்கு. மாரா நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவருக்கு நாளுக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100. பேக்கேஜில் இது அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கையில் கொண்டுபோகும் டாலர் புது நோட்டாக இருக்கட்டும். பழையதும் கிழிந்ததும் கிறுக்கியதும் அங்கே செல்லாக்காசு.

மலேரியாவுக்கு ஊசி போட்டுக்கொண்டு போக முடியாது, மாத்திரைதான். நம் பக்கம் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை. அங்கே ஃபால்சிபாரம், ஓரிரு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடக்கூடியது. நமக்குப் பழகிய குளோரோகுயின் அதற்கு எடுபடாது. அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகு 7 நாள் வரை. டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகு 4 வாரம். யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். முதல் மாத்திரை எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்புறம், முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல.

இன்சுலின் போடுகிறாரா மாமியார்? அப்படியானால் முழுவதும் கைப்பையில், டாக்டர் சீட்டோடு. பெட்டியில் போட்டால் விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்து வீணாகலாம். கென்ய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டு வையுங்கள். பல முகாம்களில் மின்சாரம் சில மணி நேரம்தான், அதனால் மருந்து வைக்க ஃபிரிட்ஜ் உண்டா என்று இப்போதே கேளுங்கள்.

பெட்டி கட்டும் கட்டத்துக்கு வருவோம். வில்சனிலிருந்து மாராவுக்குச் சிறு விமானம் என்றால் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் கேமராவும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள், மடங்கும் துணிப் பைதான் சரி. அதைவிட முக்கியம், கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்குத் தடை, காடுகளுக்குள் 2020 ஜூன் முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதற்குமே இடமில்லை. நாமோ இட்லிப்பொடியை ஒரு கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு, மேலே ஒரு ஜவுளிக்கடைப் பையையும் சுற்றுகிற ஜாதி. அத்தனையையும் சின்ன எவர்சில்வர் டப்பாவுக்கும் மஞ்சப்பைக்கும் மாற்றிவிடுங்கள். அதுவும் கொஞ்சம் போதும். சப்பாத்தி கென்யர்களுக்கும் அன்றாடச் சாப்பாடு, பட்டினி கிடக்க மாட்டீர்கள். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைத்தால் குரங்கும் பபூனும் ஜிப்பைத் திறந்துகொண்டு வந்துவிடும்.

ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைக்கிறோம். மாரா 1,500 மீட்டருக்கு மேலே, ஆகஸ்ட் அதிகாலையில் திறந்த வண்டியில் பல் கிட்டும். ஊட்டிக்கு எடுத்துப் போகும் ஸ்வெட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். உடை காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. கருப்பும் அடர் நீலமும் செட்சி ஈயை இழுக்கும், அதன் கடி சட்டைக்கு மேலேயே உறைக்கும். ராணுவப் புள்ளி போட்ட உடை வேண்டாம். மகனிடம் டிரோன் இருந்தால் அது ஈரோட்டிலேயே இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச் வரை கவலையில்லை. பிளக் அங்கே பிரிட்டிஷ் பாணியில் மூன்று தட்டைக் கால், அடாப்டர் வேண்டும். நல்ல பைனாகுலர், 8×42, ஆளுக்கு ஒன்று இருந்தால் உத்தமம். ஒன்றை நான்கு பேர் மாற்றிப் பார்ப்பதற்குள் சிறுத்தை புல்லுக்குள் போய்விடும்.

திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்துக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய், முதல் வாக்கியமாக "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வைரல் ஜுரம் என்று பாரசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. மலேரியா ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள், முதல் தடவை இல்லை என்று வந்து காய்ச்சல் விடாவிட்டால் மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள்.