வடசென்னையில் கிரவுண்ட்ஸ்மேன் வேலைக்குப் போகலாமா? ரோபோ வந்தபின் இந்த வேலை மிஞ்சுமா?

கேட்டவர் வியாசர்பாடிக்காரர், பிளஸ் டூ முடித்தவர். பக்கத்துப் பள்ளி ஒன்றில் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்திருக்கிறது. புல் வெட்டும் ரோபோ, கோடு போடும் ரோபோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இதை நம்பிச் சேரலாமா என்று தயங்குகிறார்.

தாராளமாகச் சேரலாம். புல் வெட்டுவதும் கோடு போடுவதும்தான் வேலை என்று நினைத்துச் சேர்ந்தால்தான் பின்னால் சிரமப்படுவீர்கள், ஏனென்றால் இயந்திரம் முதலில் கை வைப்பது அந்த இரண்டிலும்தான். மண்ணும் தண்ணீரும் தெரிந்தவரை, அதிலும் நம் பக்கத்து உப்புத் தண்ணீரைச் சமாளிக்கத் தெரிந்தவரை, எந்த நிர்வாகமும் லேசில் விடாது. காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன்.

ரோபோ ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஹஸ்க்வர்னா கம்பெனி 1995-லேயே சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டியைக் கொண்டுவந்தது. வெகுகாலம் வரை எல்லை காட்ட மண்ணுக்குள் கம்பி புதைக்க வேண்டியிருந்தது. இப்போது ஆர்டிகே முறை வந்துவிட்டது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு ஆன்டெனா நட்டுவிட்டால், செயற்கைக்கோள் சிக்னலில் உள்ள பிழையை அது திருத்திக்கொடுக்கும். வண்டி 2, 3 செ.மீ. துல்லியத்தில் தானே ஓடும். கோடு போடும் ரோபோவும் இதே நுட்பம்தான். இரண்டு பேர் கயிறு பிடித்து அரை நாள் போடும் ஃபுட்பால் கோட்டை அரை மணி நேரம் வாக்கில் முடித்துவிடும்.

இது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துத் திறந்த திடல்களுக்கு வர நாளாகும். ஒரே நேரத்தில் நாலைந்து ஆட்டம் நடக்கும் இடத்தில் ரோபோ எங்கே ஓடும்? அதன் பிளேடுகள் சவர பிளேடு அளவுதான். ஒரு செங்கல் துண்டோ பாட்டில் சில்லோ பட்டால் போயிற்று. அறுந்து விழுந்த பட்ட நூல் சக்கரத்து அச்சில் சுற்றிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும். சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தால் வானம் போதுமான அளவு தெரியாது, ஆர்டிகே தடுமாறும். பெரிய மைதானத்துக்கான வண்டி பல லட்சம் ரூபாய். ஆகவே முதலில் வரப்போவது காம்பவுண்டு சுவரும் காவலும் உள்ள இடங்களுக்கு: ஸ்டேடியம், பெரிய கல்லூரி, கேட் போட்ட குடியிருப்பு. அங்கே மெஷின் தள்ளுவதற்கு மட்டும் வைத்திருக்கும் ஆட்களைக் குறைப்பார்கள். இதை மறைத்துச் சொல்வதில் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

இனி தண்ணீர் விஷயம். வடசென்னையில் மைதானம் பார்ப்பவர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலோரமாக உள்ள போர்வெல்களில் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு, 2,000-ஐத் தாண்டும் இடங்கள் உண்டு. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், சேர்ந்த முதல் நாளே ஒன்று வாங்கிவிடுங்கள்.

2,000 என்றால் லிட்டருக்கு 2 கிராம் உப்பு. 105 மீட்டருக்கு 68 மீட்டர் ஃபுட்பால் மைதானம் 7,140 சதுர மீட்டர். மே மாத வெயிலில் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மி.மீ. தண்ணீர் வேண்டும். கணக்குப் போட்டால் 35,700 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் மூன்று லோடு. அதையே போரிலிருந்து விட்டால் ஒரே நாளில் சுமார் 71 கிலோ உப்பை மைதானத்தில் கொட்டுகிறீர்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். ஒரு மாதத்தில் இரண்டு டன். நுனி கருகி, திட்டுத் திட்டாக மஞ்சளித்து நிற்கும் புல்லைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் விடுவார்கள். உப்பு இன்னும் ஏறும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. தினமும் மேலாகத் தெளிக்காமல், வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் வேர் ஆழத்துக்கும் கீழே இறங்கும்படி விடுங்கள். தேவைக்கு மேல் 10 முதல் 20 சதவீதம் சேர்த்து விட்டால்தான் உப்பு கரைந்து கீழே போகும். வடிகால் இல்லாத களிமண்ணில் இது பலிக்காது. அங்கே ஏரேட்டரால் துளை போட்டு, துளைகளை மணலால் நிரப்பிய பிறகே கழுவ முடியும். சோடியம் ஏறி மண் இறுகியிருந்தால் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் ஜிப்சம் தூவி, பின்னாலேயே நல்ல தண்ணீர் விட வேண்டும். இதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர். வடகிழக்குப் பருவமழை உங்களுக்காக இலவசமாகக் கழுவிக்கொடுக்கும். புல்லைப் பொறுத்தவரை பெர்முடா, அதாவது நம் அருகம்புல் ஜாதி, உப்பை ஓரளவு நன்றாகவே தாங்கும். அதுவும் தாங்காத இடத்துக்கு சீஷோர் பாஸ்பேலம் என்ற கடலோரப் புல் இருக்கிறது.

பள்ளிகளில் நடக்கும் ஒரு தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குடிநீர் ஆர்ஓ பிளான்ட் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் மைதானத்துக்குத் திருப்பிவிடுவார்கள். போர்த் தண்ணீரில் உள்ள உப்பெல்லாம் அதில்தான் கூடிவருகிறது. கழிவறைக்கு விடலாம், தரை கழுவலாம். புல்லுக்கு வேண்டாம்.

இப்போது ஆட்டோமேஷன் எங்கே இடறுகிறது என்று பாருங்கள். மண்ணில் குத்திவைக்கும் ஈரப்பத சென்சார்களில் பெரும்பாலானவை, முக்கியமாக விலை குறைந்தவை, மண்ணின் மின் தன்மையை வைத்தே ஈரத்தைக் கணிக்கின்றன. உப்பு ஏறிய மண்ணில் அந்த அளவீடு கூடுதலாகக் காட்டும். மண் காய்ந்து கிடக்கும், கன்ட்ரோலர் ஈரம் இருக்கிறது என்று வால்வைத் திறக்காது. நல்ல தண்ணீர் உள்ள ஊரில் சரியாக ஓடும் செட்டிங்கைத் திருவொற்றியூரில் அப்படியே போட்டால் புல் காய்ந்துபோகும். அரை அங்குலக் குழாயைக் குத்தி மண்ணெடுத்துப் பார்த்து, எத்தனை சதவீதம் காட்டும்போது புல் உண்மையில் வாடுகிறது என்று அந்த மைதானத்துக்கே தனியாக அளவு குறித்துவைக்கும் ஆள் இல்லாமல் அந்தக் கருவியால் பயன் இல்லை.

ஸ்பிரிங்க்ளர் லைனும் அப்படித்தான். வால்வின் தலையில் உள்ள சோலினாய்டு, அதாவது வால்வைத் திறந்து மூடும் மின்காந்தச் சுருள், 24 வோல்ட் ஏசியில் வேலை செய்யும். ஒரு ஜோன் (ஒரு வால்வு தண்ணீர் விடும் பகுதி) ஓடவில்லை என்றால் உடனே தோண்டாதீர்கள். கன்ட்ரோலரில் அந்த ஜோன் ஒயரைக் கழற்றி, அதற்கும் காமன் ஒயருக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். 20 முதல் 60 வரை காட்டினால் சோலினாய்டும் ஒயரும் சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் சோலினாய்டின் சுருள் போயிருக்கலாம், இல்லையென்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. ஒயர் அறுந்தது பெரும்பாலும் கம்பம் நட யாராவது தோண்டிய இடமாக இருக்கும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். வால்வு மூடாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் அது கரன்ட் பிரச்சினை இல்லை, டயாஃப்ரம் ரப்பருக்கு அடியில் மணல் துகள் சிக்கியிருக்கும். மேல்மூடி ஸ்க்ரூக்களைக் கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். இதைத் தடுக்க மோட்டாரை அடுத்து 120 மெஷ் ஃபில்டர் போட்டு வாராவாரம் கழுவ வேண்டும். மல்ட்டிமீட்டர் ரிச்சி தெருவில் கிடைக்கும். இந்த ஒரு பத்தியில் உள்ளதைக் கையால் செய்யத் தெரிந்தாலே உங்கள் மதிப்பு கூடிவிடும், ஏனென்றால் சிஸ்டம் போட்டுக்கொடுத்த கம்பெனி ஒரு வால்வுக்காக எண்ணூர் வரை ஆள் அனுப்பாது.

கிரிக்கெட் பிட்ச் போடுவது இயந்திரத்துக்கு இன்னும் எட்டாத வேலை. 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம், 61 சதுர மீட்டர்தான். இதற்கு மட்டுமாவது உப்பில்லாத லாரித் தண்ணீர் கேட்டு வாங்குங்கள், 5 மி.மீ. விட ஒரு பிட்ச்சுக்கு 300 லிட்டர் போதும். சோடியம் உள்ள தண்ணீர் களிமண்ணின் பிடிப்பைக் குலைத்து மேலே ஏடு படிய வைத்துவிடும்.

களிமண் லோடு இறக்கும் முன்பே மாதிரி வாங்கிச் சோதித்துவிடுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிஷத்தில் அடியில் படிவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் படிவது வண்டல், அடுத்த நாள் படிவது களி. களி பாதியாவது இருக்க வேண்டும். கோலிக்குண்டு அளவு உருட்டி நாலு நாள் நிழலில் காயவைத்து விரலால் நசுக்குங்கள். உடைந்தால் அந்த லோடு வேண்டாம்.

ரோலர் எப்போது அடிப்பது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. நன்றாக நனைத்தபின் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மண் விரலில் ஒட்டினால் பொறுத்திருக்க வேண்டும். ஒட்டாமல் குழி மட்டும் விழுந்தால் ஆரம்பிக்கலாம், முதலில் 250 கிலோ ரோலர், பிறகு படிப்படியாக ஒரு டன். குழியே விழவில்லை என்றால் நேரம் தப்பிவிட்டது, மறுபடி நனைக்க வேண்டியதுதான். ஈரம் அதிகமாக இருக்கும்போது அவசரப்பட்டு அடித்தால் மேல்தோல் மட்டும் இறுகி ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். காய்ந்தபின் அப்பளம் மாதிரி மேல் அடுக்கு தனியாக எழும்பும். பந்து ஒன்று எகிறும், அடுத்தது தரையோடு போகும். ஆடுகிற பிள்ளைக்கு முகத்தில் அடிபடுவது இப்படித்தான். கடலோர ஈரக்காற்றில் காலை ஒன்பது மணிக்கும் மண் ஒட்டிக்கொண்டிருக்கும் நாள் உண்டு. மணி பார்த்து ரோலர் எடுக்காதீர்கள்.

கோடு போடுவதை ரோபோ எடுத்துக்கொண்டாலும் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூலை சரியான செங்கோணமாக வர 3, 4, 5 மீட்டர் முக்கோணம். பெனால்டி பாக்ஸ் 40.32 மீட்டருக்கு 16.5 மீட்டர். ஸ்போர்ட்ஸ் டே வந்தால் ஓட்டப்பாதையில் ஒவ்வொரு லேனும் 1.22 மீட்டர், 400 மீட்டர் பாதையில் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாவது லேன் 7.04 மீட்டர் முன்னால் தொடங்கும், அடுத்தடுத்த லேன்களுக்கு 7.67 மீட்டர் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து, புல்லும் வெந்துவிடும். சாக் பவுடர் போதும்.

உண்மையில் ரோபோவைவிடச் செயற்கைப் புல்தான் இந்த வேலையை அதிகம் மாற்றப்போகிறது என்பது என் கணிப்பு. ஐந்து பேர் ஆடும் டர்ஃப்கள் மொட்டை மாடி வரை வந்துவிட்டன. அங்கே புல் வெட்ட வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஆனால் வாரந்தோறும் பிரஷ் போட்டு, ஓரத்துக்கு ஒதுங்கும் ரப்பர்த் துகளைப் பரப்பி, தையல் விட்ட இடத்தை அன்றைக்கே ஒட்ட வேண்டும். மதிய வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், சிறுபிள்ளைகளை இறக்கக் கூடாது. இதையும் கற்றுவைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்காரர்களிடம் சம்மதம் சொல்லும் முன் சிலவற்றை விசாரியுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டிடிஎஸ் எவ்வளவு, மழையில் எத்தனை நாள் தேங்கும்? 2023 டிசம்பர் வெள்ளம் போல வந்து வண்டல் படிந்தால், காய்வதற்குள் வழித்தெடுக்க ஆள் தருவார்களா? புல்வெட்டி சிலிண்டர் வகையா, சுழலும் வகையா, பிளேடு தீட்டும் செலவு யாருடையது? வேலை பள்ளியின் நேரடிச் சம்பளமா, கான்ட்ராக்டர் வழியா? கான்ட்ராக்டர் என்றால் பிஎஃப், இஎஸ்ஐ எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். சேர்ந்த பிறகு மாலை நேர ஐடிஐ அல்லது குறுகிய காலப் பயிற்சியில் எலக்ட்ரிகல் அல்லது பம்ப் மெக்கானிக் படிக்க இடம் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். கிரிக்கெட் பக்கம் போகும் ஆசை இருந்தால், பிசிசிஐ கியூரேட்டர்களுக்கு, அதாவது பிட்ச் தயாரிப்பவர்களுக்கு, சான்றிதழ்த் தேர்வு நடத்தியிருக்கிறது. அதற்கு மாநிலச் சங்கம் வழியாகத்தான் போக முடியும் என்பதால், லீக் ஆட்டம் நடக்கும் மைதானம் ஒன்றில் ரோலர் பிடித்துக் கொஞ்ச காலம் வேலை செய்த அனுபவம் கைகொடுக்கும்.