மாத்திரைக்கு எந்தக் கிழமை?

கேள்வி: எனக்கு 44 வயது. சேலம் அம்மாபேட்டையில் மாமியார், கணவர், கல்லூரியில் படிக்கும் மகன் ஆகியோருடன் இருக்கிறேன். கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. பறவை பார்ப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குப் பைத்தியம். ஞாயிறு விடிகாலையில் தோழிகளோடு ஏற்காடு மலைக்குப் போய்விடுவேன். ஆறு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட்டை வியாழன் இரவு போட்டுவந்தேன். மறுநாள் குமட்டலும் அசதியுமாக இருக்கும். வெள்ளிக்கிழமை வீடு கழுவிப் பூஜை செய்ய முடியவில்லை என்று மாமியார் வருத்தப்பட்டதால் சனிக்கு மாற்றிக்கொண்டேன். ஞாயிறு கறிக்குழம்பு வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். இந்த நோயோடு மலைக்குப் போக முடியவில்லை. இன்னமும் பறவை, மலை என்று ஆசைப்படுவது சுயநலமா? மனதைத் தேற்றிக்கொள்ள வழி சொல்லுங்கள்.
- வாசகி, சேலம்

பதில்: தேற்றிக்கொள்ள வழி சொல்லப் போவதில்லை. சர்க்கரை, ஆஸ்துமா, முதுகுவலி என்று நோயின் பெயர் மட்டும் மாறி இதே கேள்வி எத்தனையோ முறை வந்துவிட்டது. எழுதுவது எல்லாம் பெண்கள். சுயநலமா என்று கேட்டு ஒரு ஆணும் இதுவரை எழுதியதில்லை.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வியாழன், சனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு இடைஞ்சல், அதனால் மாத்திரை சனிக்கு. ஞாயிற்றுக்கிழமை எதற்கு இடைஞ்சல் என்று அந்த வீட்டில் யாராவது யோசித்தார்களா? நீங்களாவது? வாரத்தில் ஆறு நாள் வீட்டுக்கு, ஒரு நாள் காலை உங்களுக்கு என்று இருந்தது. குமட்டலைக் கொண்டுபோய்ச் சரியாக அந்த ஒரு நாளில் வைத்துவிட்டு, நோயால் போக முடியவில்லை என்கிறீர்கள். இந்தப் பழியை நோயின் மேல் போடாதீர்கள்.

சரி, அந்த ஞாயிறாவது ஓய்வா? வயிற்றைப் புரட்டும்போது அடுப்படியில் நின்று கறி வேகவைக்கிறீர்கள். பட்டறை லீவு, காலேஜ் லீவு, மூன்று பேர் வீட்டில்.

குடும்பக் கடமை விஷயத்தில் நான் பழைய ஆள். மாமியாரைக் கவனிப்பதையும், வெள்ளிக்கிழமை வாசல் தெளித்து விளக்கேற்றுவதையும் வெட்டி வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடமை உங்கள் ஒருத்தி பெயருக்கு எழுதிவைத்த சொத்தா? வெள்ளிக்கிழமை கல்லூரிக்குக் கிளம்பும் முன் அந்தப் பையன் வீட்டைக் கழுவிவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. வாளியும் துடைப்பமும் தூக்க அவனுக்குப் பழக்காமல் விட்டது உங்கள் தப்பு. நாளைக்கு அவன் பெண்டாட்டியும் எனக்குக் கடிதம் எழுதுவாள். ஞாயிறு கறிக்குழம்பைக் கணவர் வைக்கட்டும். உப்புக் கூடினாலும் பேசாமல் சாப்பிடுங்கள், எழுந்துபோய்ச் சரிசெய்துவிடாதீர்கள்.

இன்னொரு கோபம். கிழமையை மாற்றும்போது டாக்டரைக் கேட்டதாக எழுதவில்லை. மாமியார் வருத்தப்பட்டார் என்று மாற்றுகிற மருந்தா அது? எந்தக் கிழமையானாலும் அதற்கு ஒன்றுதான், வாராவாரம் அதே கிழமையாக இருந்தால் போதும். ஆனால் மாற்றுகிறேன் என்று இரண்டு வேளை மருந்து கிட்டத்தில் வந்துவிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் எப்படி மாற்றுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குமட்டலைப் பற்றியும் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை போடும் முறையைச் சரிசெய்யலாம், இதே மருந்தை ஊசியாகவும் கொடுக்கிறார்கள். இரண்டிலும் பலருக்குக் குமட்டல் குறைகிறது.

இனி பறவைகள். பறவை பார்க்க விடிகாலைதான் நல்ல நேரம். முடக்குவாதக்காரர்களுக்கு மூட்டுகள் இறுகிக் கிடப்பதும் அப்போதுதான், அந்த இறுக்கம் தளர ஒரு மணி நேரம்கூட ஆகும். அதனால் மலையை இப்போதைக்கு விட்டுவிட்டுச் சாயங்காலம் நாலரைக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் கூடிச் சீரமைத்த ஏரி. தண்ணீருக்குள் போட்ட மண் திட்டுகளில் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. கொக்கும் நீர்க்காகமும் அடைய வரும், வக்கா என்ற இராக்கொக்கு அப்போதுதான் இரைக்குக் கிளம்பும். எல்லாவற்றையும் கரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். பைனாகுலரைத் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். கழுத்து வாரைக் கழற்றிவிட்டு இரண்டு தோளிலும் மாட்டும் பட்டையாக வாங்குங்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டால் கைக்குப் பாரமே இருக்காது.

பொங்கலை ஒட்டி வருடாவருடம் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று, பார்த்ததை எண்ணி ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினாலே உங்கள் பட்டியலும் சேர்ந்துவிடும். அந்தக் கால் மணி நேரம் பால் பொங்குவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

குமட்டல் அடங்கிய பிறகு மலைக்குப் போகலாம். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை தென்னிந்தியாவின் பாறை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அதற்கு ஒரு வீடு. அதைப் பார்க்க விடியலில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கை கால் நீட்டி மடக்க வந்தபிறகு கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பையனே வண்டி ஓட்டட்டும், பையையும் அவனே தூக்கட்டும். தொப்பியை மறக்காதீர்கள், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும்.