புளிக்கிறதே, கெட்டுவிட்டதா?

கேள்வி: கேட்டரிங் படிக்கிறேன். பயிற்சி வகுப்பில், சோவிஞான் பிளாங்க், செமியோன் என்ற இரண்டு திராட்சை வகைகளும் கலந்த பிரெஞ்சு வெள்ளை ஒயினைச் சுவைத்தோம். பல் கூசும் புளிப்பு, இனிப்பே இல்லை. கெட்டுப்போனதா? எப்படி மதிப்பிடுவது?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் சுவைத்தது 'டிரை' ஒயினாக, அதாவது இனிப்பில்லாத வகையாக இருக்கும். அதில் இனிப்பு தெரியக் கூடாது. பழச் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக்கிவிடும். பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள்தான் மிஞ்சும். புளிப்பும் எலுமிச்சை, பச்சைப்புல் வாசனையும் சோவிஞான் தருபவை. செமியோனில் புளிப்பு குறைவு. வாய் நிறையும் கனமும் தேன்மெழுகு மணமும் அதன் பங்கு. ஒன்று மற்றதை அமுக்காமல் இரண்டும் தெரிந்தால் நல்ல கலவை.

சூடுதான் பெரும்பாலும் தீர்ப்பைக் கெடுக்கிறது. மதுரை வெயிலில் மேசைமேல் நின்ற பாட்டிலில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனேயோ மணம் அடங்கிக் கிடக்கும். 10 டிகிரி செல்சியஸ் சரி. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், சுழற்றி முகருங்கள். அறையில் மல்லிகைப்பூ வேண்டாம். அதன் மணத்துக்கு முன் எந்த ஒயினும் நிற்காது. ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் புரட்டித் துப்பிவிட்டு, சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள்.

நல்ல புளிப்பு எச்சில் ஊறவைக்கும். வினிகர் நெடியோ நகப்பாலிஷ் நெடியோ வந்தால் அது கெட்ட புளிப்பு. இளம் ஒயின் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாசனை வீசினால் காற்றுப்பட்டுக் கெட்டிருக்கிறது. நனைந்த அட்டை வாசனை என்றால் பெரும்பாலும் கார்க்கின் கோளாறு. வேறு பாட்டிலைத் திறக்கச் சொல்லுங்கள்.