மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட் படத்தில் கதை இல்லையா, ஹீரோ இல்லையா?

‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட் பார்த்தவர்களில் பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், பாதிப் பேர் கதையே இல்லை என்கிறார்கள். யாரை நம்புவது? பழைய பாகங்களைப் பார்த்திருக்க வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். வேண்டியதில்லை. ஜார்ஜ் மில்லர் 1979, 1981, 1985 என்று மூன்று பாகங்களை மெல் கிப்சனை வைத்து எடுத்தார். முப்பது வருடம் கழித்து 2015இல் டாம் ஹார்டியை வைத்து நாலாவது. உலகம் அழிந்துவிட்டது, மிச்சம் இருப்பவர்கள் தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் அடித்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும். முதல் பாகத்தில் வில்லனாக வந்த ஹ்யூ கீஸ் பர்ன்தான் இதிலும் வில்லன். ஆனால் முகமூடிக்குள் இருப்பதால் பழைய பாகம் பார்த்தவர்களுக்கே அடையாளம் தெரியாது.

இனி முதல் கேள்வி. கதை தெரிந்தால் பிடிக்காது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் வந்தபோது மதுரையில் தியேட்டரில் பார்த்தேன். இடைவேளையில் டீ வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்த முதல் பேச்சு, “ஹீரோ யாருப்பா இதுல?” என்பதுதான். அதை வெறும் கிண்டலாக எடுத்துக்கொள்ள முடியாது. போஸ்டரில் பேர் போட்ட மேக்ஸ் முதல் சில நிமிடத்திலேயே மாட்டிக்கொள்கிறான். அவனை ரத்தம் ஏற்றும் பையாக்கி, முகத்தில் இரும்புக் கவசம் மாட்டி, காரின் முன்னால் கட்டிவைத்து ஓட்டுகிறார்கள். அறிமுகக் காட்சிக்கு விசிலடிக்கத் தயாராக வந்தவன் என்ன செய்வான்? இன்னொரு இடத்தில் துப்பாக்கியில் குண்டு கொஞ்சம்தான் மிச்சம். மேக்ஸ் சுடுகிறான், குறி தப்புகிறது. மறுபடியும் தப்புகிறது. பேசாமல் துப்பாக்கியைக் கூட வரும் ஃப்யூரியோசா என்ற பெண்ணிடம் கொடுக்கிறான். அவள் அவன் தோள்மேல் வைத்துச் சுட்டு எதிரியின் விளக்கை உடைக்கிறாள். பிறகு அவன் தனியாக மூடுபனிக்குள் போய் ஒரு கும்பலையே முடித்துவிட்டு ரத்த முகத்தோடு திரும்புகிறான். அந்தச் சண்டையையும் காட்டவில்லை! தூரத்தில் ஒரு வெடி, அவ்வளவுதான். என் பின்னால் இருந்தவர் “அடிச்சதைக் காட்டாம என்னய்யா படம்” என்று வாய்விட்டே சொன்னார்.

அதனால் என் கணக்கு இது: ‘கதை இல்லை’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் சொல்ல வருவது ‘ஹீரோ இல்லை’ என்பதைத்தான். கதை இருக்கிறது. பாறை உச்சியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற இம்மார்ட்டன் ஜோ, அவன் அடைத்து வைத்திருந்த மனைவிகளை டேங்கர் லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடும் ஃப்யூரியோசா (சார்லிஸ் தெரோன்), துரத்தும் படை. ஃப்யூரியோசாவை நாயகியாக வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள், ஒரு முடிச்சும் தொங்காது.

எனக்குத் தெரிந்த டேங்கர் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் திருமங்கலத்தில் இருக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் வசனம் ஒன்றும் புரியவில்லை, படம் முழுக்கப் புரிந்தது. இஞ்சினில் தீப்பிடித்ததும் ஃப்யூரியோசா முன்பக்கத் தகட்டை இறக்கி மண்ணை வாரி அடித்துத் தீயை அணைப்பதையும், சேற்றில் சிக்கிய வண்டியை மரத்தில் கம்பி கட்டி இழுப்பதையும் பற்றி அவர் சொன்ன அளவுக்கு எந்த விமர்சகரும் எழுதி நான் படித்ததில்லை. சுவிட்சுகளை வரிசை மாறாமல் தட்டினால்தான் லாரி ஓடும் என்று அவள் வைத்திருக்கும் ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

தண்ணீர்க் காட்சிக்கு மட்டும் எங்கள் தியேட்டரில் சத்தமில்லை. ஜோ மேலே நின்று குழாயைத் திறக்கிறான், கீழே கூட்டம் பாத்திரத்தோடு முண்டியடிக்கிறது, பத்து எண்ணுவதற்குள் மூடிவிடுகிறான். அழகர் ஆற்றில் இறங்கவே வைகை அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

‘போன வழியிலேயே திரும்பி வருவதற்கு இரண்டு மணி நேரமா’ என்பது இன்னொரு குறை. அங்கேதான் நான் சண்டைக்கு நிற்பேன். ஃப்யூரியோசா தேடிப் போன பசுமையான ஊர், வழியில் அவர்கள் கடந்து வந்த காக்கை மொய்க்கும் சகதிதான் என்று தெரிகிறது. விதைப்பை வைத்திருக்கும் கிழவி ஒருத்தி இருக்கிறாள், விதைக்க மண் இல்லை. தண்ணீர் இருப்பது ஓடிவந்த இடத்தில் மட்டும். திரும்பாமல் வேறெங்கே போவது? டிவியில் பார்த்த உசிலம்பட்டி அத்தைக்கு அந்த விதைக் கிழவியைத் தவிர யாரும் மனதில் நிற்கவில்லை.

‘எல்லாம் கிராஃபிக்ஸ்’ என்பது பாதி உண்மை. மணல் புயலும் ஃப்யூரியோசாவின் இல்லாத இடது கையும் கணினி வேலை. ஓடும் வண்டியில் கழியில் ஆடுபவர்களும், தீ கக்கும் கிட்டாரும் நிஜம். (எங்கள் தியேட்டரில் அதிக விசில் வாங்கியது அந்தக் கிட்டார்க்காரன்தான்.) ஆஸ்திரேலியாவில் எடுக்க நினைத்த பாலைவனம் மழையில் பூத்துவிட்டதால் நமீபியாவுக்குப் போய் 2012இல் எடுத்தார்கள். ‘தலை சுற்றுகிறது’ என்பவர்களுக்கு: சுமார் 480 மணி நேரக் காட்சிகளை இரண்டு மணி நேரமாக வெட்டியவர் மில்லரின் மனைவி மார்கரெட் சிக்ஸல். பார்க்க வேண்டியதைத் திரையின் நடுவிலேயே வைத்து எடுத்ததால்தான் அத்தனை வேக வெட்டிலும் கண் தடுமாறுவதில்லை. படம் வாங்கிய ஆறு ஆஸ்கரில் ஒன்று அவருடையது. முன்வரிசையில் உட்கார்ந்தால் சுற்றத்தான் செய்யும், அதற்கு அவர் பொறுப்பில்லை.

2024இல் வந்த ‘ஃப்யூரியோசா’ இதற்கு முந்தைய கதை. இதைப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள். அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று தெரியாமல் லாரியில் ஏறுவதில்தான் சுவை.

குறை சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. மேக்ஸின் கண்ணுக்கு அடிக்கடி ஒரு சிறுமி தெரிகிறாள். யார், என்ன நடந்தது என்று படம் சொல்லவே இல்லை. அந்தத் துண்டுகளை வெட்டிவிட்டிருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.