அப்பாவின் சிம்மை மாற்றியது யார்?

கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு 74 வயது. கடைத்தெருவில் குடை போட்டு சிம் விற்றவர், "இலவசமா 5ஜி சிம் மாத்தித் தர்றேன்" என்று ஆதார் அட்டையையும் போனையும் வாங்கி ஏதோ செய்திருக்கிறார். சில நாளில் பழைய சிம் செத்துவிட்டது. எண் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறது. கம்பெனி மாறச் சம்மதிக்கவே இல்லை என்கிறார் அப்பா. பழையபடி திருப்ப முடியுமா?
— வாசகர், தென்காசி

பதில்: முதலில் அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். அப்பாவின் போனில் மணி அடித்தால், இது ஏஜென்ட் தன் மாத டார்கெட்டுக்காகச் செய்த வேலையாக இருக்கலாம். வேறு யாராவது எடுத்தாலோ, அப்பா கையில் புது சிம்மே இல்லை என்றாலோ விஷயம் வேறு. வங்கி ஓடிபி எல்லாம் அந்த ஆளுக்குத்தான் போகும். அப்படியானால் மற்றதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, வங்கியைக் கூப்பிட்டு இணைய வங்கிச் சேவையையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

இனி, மாற்றம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஒரு எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக, அந்த எண்ணிலிருந்தே 1900க்கு ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணையும் சேர்த்து எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். பதிலாக 8 எழுத்துகள் கொண்ட யுபிசி என்ற குறியீடு வரும். நம்மூரில் அது 4 நாள் வரை செல்லுபடியாகும். அந்தக் குறியீடு இல்லாமல் இந்த மாற்றம், அதாவது போர்ட், நடக்காது. அப்பாவின் போனை வாங்கிய ஆள் இந்த எஸ்எம்எஸ்ஸைத்தான் அனுப்பியிருப்பார். அனுப்பியதை அழித்தும் இருப்பார். மெசேஜ் செயலியில் 1900 என்று தேடுங்கள், குப்பைத் தொட்டிப் பகுதியையும் திறந்து பாருங்கள். கிடைத்தால் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "எங்க பேக்கில் எஸ்எம்எஸ்ஸே கிடையாதே, எப்படிப் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. எந்த பேக்காக இருந்தாலும் 1900க்குப் போக விட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டாயிற்று.

அடுத்த சாட்சி புது நிறுவனத்திடம் இருக்கிறது. சிம் கொடுக்கும்போது நிரப்பிய வாடிக்கையாளர் விண்ணப்பத்தின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். ஆப்பில் படம் எடுத்துக் கொடுத்த சிம் என்றால், அப்பாவின் படத்தின் மேலேயே தேதி, நேரம், எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, விற்பனையாளரின் குறியீட்டு எண் ஆகியவை பதிந்திருக்கும். விரல் ரேகை வைத்துக் கொடுத்திருந்தால் அந்த ஆதார் சரிபார்ப்பின் பதிவு இருக்கும். கஸ்டமர் கேரில் மணிக்கணக்காகப் பேசுவதைவிட இந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

திருப்புவது பற்றி. போர்ட் விண்ணப்பம் கொடுத்து 24 மணி நேரத்துக்குள் என்றால், அதே 1900க்கு ஆங்கிலத்தில் 'கேன்சல்', இடைவெளி, எண் என்று அனுப்பி நிறுத்தலாம். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (சேவைப் பகுதிக்குள்) போர்ட் முடிய 3 வேலை நாள் ஆகும் என்பதால் சிக்னல் இருக்கும்போதே பிடித்தவர்களுக்கு இது உதவும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனி சாதாரண வழியில் திரும்ப 90 நாள் அந்த நிறுவனத்தில் இருந்தாக வேண்டும். எனவே இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒன்று, சம்மதமில்லாமல் நடந்த போர்ட்டை ரத்து செய்து பழைய நிறுவனத்துக்கே திருப்பும்படி புது நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு, பதில் வரும் வரை இருப்பதில் குறைந்த ரீசார்ஜைப் போட்டு எண்ணை உயிரோடு வையுங்கள். கோபத்தில் சிம்மை உடைத்துப் போட்டு, ரீசார்ஜும் செய்யாமல் விட்டால் எண்ணே கைவிட்டுப் போகும். பழைய சிம்மில் மிச்சமிருந்த பாலன்ஸ் போர்ட்டோடு போய்விடும். எவ்வளவு என்று தெரிந்தால் புகாரில் இழப்பாகக் குறிப்பிடுங்கள். பழையது போஸ்ட்பெய்ட் என்றால் கடைசி பில்லைக் கட்டிவிடுங்கள். பாக்கி நின்றால் பழைய நிறுவனம் சொல்லி, புது நிறுவனத்திலேயே எண்ணைத் துண்டிக்க வழியுண்டு.

புகாரை நிறுவனத்தின் புகார் எண்ணான 198இல் பதிந்து டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) வாங்குங்கள். வாடிக்கையாளர் அப்பாதான், நீங்கள் மட்டும் பேசினால் "அவரைப் பேசச் சொல்லுங்கள்" என்றுதான் பதில் வரும். ஸ்பீக்கரில் போட்டு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் தயாராக இருக்கட்டும். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் முறையிடலாம். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு எழுதி நாளைக் கடத்தாதீர்கள், தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. தொலைபேசிப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

ஏஜென்ட் மீது போலீஸ் புகார்? அப்பாவின் பெயரில் அவருக்கே தெரியாத சிம் இருந்தால் கட்டாயம் கொடுங்கள். ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குவது 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். விரல் ரேகையை "சரியா விழலை" என்று இரண்டு முறை வாங்கி, இரண்டாவதில் இன்னொரு சிம் எடுப்பது பழைய தந்திரம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால் அவர் பெயரில் உள்ள இணைப்புகள் தெரியும். தெரியாததை 'என் எண் அல்ல' என்று குறித்துவிடுங்கள்.

கேள்வி: மாமியார் வீட்டு ஃபைபர் இணைப்பை, கேபிள்காரர் சொல்லாமலே வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார். மோடம் அதேதான். இப்போது இரண்டு கம்பெனியும் பணம் எடுக்கின்றன.
— வாசகி, ஈரோடு

பதில்: பிராட்பேண்டுக்கு போர்ட் வசதி கிடையாது. பழையதை மூடுவது ஒரு வேலை, புதியதைத் திறப்பது வேறு வேலை. கேபிள்காரர் இரண்டாவதை மட்டும் செய்திருக்கிறார். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் எந்தெந்த கம்பெனிக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை ரத்து செய்யுங்கள். அது மட்டும் போதாது: பணம் நின்றாலும் பில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கம்பெனிக்கு இணைப்பை மூடும்படி மெயில் அனுப்பி, மூடிய தேதியை எழுத்தில் வாங்குங்கள். சேவை நின்ற நாளுக்குப் பிறகு எடுத்த பணத்தையும் டெபாசிட்டையும் அதே மெயிலில் கேளுங்கள். மோடம் யாருடையது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய கம்பெனி கொடுத்தது என்றால், திருப்பித் தரவில்லை என்று டெபாசிட்டில் பிடிப்பார்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள்.

புது கம்பெனிக்கு மாமியாரின் எண்ணில் ஓடிபி போயிருக்கும். "நெட் சரி பண்ணணும், நம்பர் வந்துச்சா அம்மா?" என்று கேட்டு வாங்கியிருப்பார்கள். அந்த எஸ்எம்எஸ்ஸில் கம்பெனி பெயரும் நேரமும் இருக்கும். அழிக்காதீர்கள்.

கேள்வி: எண் இறந்த என் கணவர் பெயரிலேயே இருக்கிறது. யாராவது போர்ட் செய்துவிட்டால் நான் புகார் கொடுக்க முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பெயர் உங்களுடையதாக இல்லாதவரை ஒவ்வொரு படியிலும் வாரிசு என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். இறப்புச் சான்று, உங்கள் அடையாள அட்டை, உறவுக்கான ஆவணம் ஆகியவற்றோடு நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் வரை யுபிசி கிடைக்காது, எனவே யாரும் போர்ட் செய்ய முடியாது. மாற்றத்தில் புது சிம் கொடுத்தால், அந்த நாளிலிருந்து 7 நாளுக்கும் அது கிடைக்காது. இந்த 7 நாள் விதி 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது.