தண்ணீரை நீக்கிவிட்டுத் தேடினால் கிடைக்காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு தொகுதி) ஏறிய டி.என்.ஏ.வை மெக்பி2 புரதம் எப்படி அடையாளம் காண்கிறது என்று பார்க்க, 3சி2ஐ என்ற எண்ணில் புரதத் தரவு வங்கியில் இருக்கும் படிக அமைப்பை, மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் பைமால் மென்பொருளில் திறந்தேன். மெத்தில் எண்ணெய்ப் பசை கொண்டது. அதைப் பிடிக்க நீரை வெறுக்கும் குழி ஒன்று புரதத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மெத்திலின் ஒரு பக்கம் வெற்றிடமாகத்தான் தெரிகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

எஸ்., முதுகலை மாணவி

அன்புள்ள எஸ்.,

திறந்த கையோடு நீர் மூலக்கூறுகளை நீக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். படம் சுத்தமாக வர எல்லோரும் செய்வதுதான். இந்த அமைப்பில் மட்டும் அதைச் செய்யக் கூடாது. நீங்கள் வெற்றிடம் என்று பார்த்த இடத்தில் இருந்தது தண்ணீர்.

கோப்பை மறுபடி ஏற்றுங்கள். 5சிஎம் என்று குறித்திருப்பவை மெத்தில் ஏறிய சைட்டோசின்கள் (சைட்டோசின் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று), இழைக்கு ஒன்று. அவற்றின் மெத்தில் கார்பனைத் தேர்ந்து, 4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தொலைவுக்குள் இருப்பவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். இப்போது நீர் மூலக்கூறுகள் தெரியும். 2008இல் எடின்பரோ குழு இந்தப் படிகத்தை வெளியிட்டபோது, டி.என்.ஏ. சுருளின் பள்ளத்தில் இடம் மாறாமல் நிற்கும் ஐந்து நீர் மூலக்கூறுகளைச் சுட்டிக்காட்டி, புரதம் படிப்பது மெத்திலைக் காட்டிலும் அதைச் சுற்றிய நீர் அமைப்பை என்றே வாதிட்டது. படிகத்தின் தெளிவு 2.5 ஆங்ஸ்ட்ராம்தான்; இந்த அளவில் தனித்தனி நீர் மூலக்கூறுகளை உறுதியாகச் சொல்வது கடினம். அதனால் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தையும் ஏற்றி, ஒவ்வொரு நீருக்கும் அங்கே அடர்த்தி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் மட்டுமே கதை இல்லை என்பது என் கருத்து. புரதச் சங்கிலியில் 133ஆம், 111ஆம் இடங்களில் நிற்கும் ஆர்ஜினின் அமினோ அமிலங்களைப் பாருங்கள். ஆளுக்கொரு இழையின் குவானினை (இன்னொரு டி.என்.ஏ. எழுத்து) இரட்டை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருக்கின்றன. அந்தக் குவானினுக்கு முன்னால் அதே இழையில் நிற்கும் சைட்டோசினின் மெத்தில், ஆர்ஜினினின் தட்டையான முனைமேல் படிகிறது. முனை ஆடாமல் இருக்க 133ஐக் குளுட்டமேட் 137ம், 111ஐ அஸ்பார்ட்டேட் 121ம் பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்கின்றன. மெத்திலை எடுத்துவிட்டால் குவானின் பிடி மிஞ்சும், மேல் படிவு போய்விடும், பிணைப்பு தளரும்.

மெக்பி2 மரபணு பழுதாவதால் வரும் நரம்பு வளர்ச்சிக் கோளாறான ரெட் நோய்க்குறியில் ஆர்ஜினின் 133 சிஸ்டீனாக மாறுவது ஏன் கெடுக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும். ஆனால் அதே நோயில் அடிக்கடி காணப்படும் திரியோனின் 158 மாற்றத்தை இப்படி விளக்க முடியாது. அது மெத்தில் பக்கமே போவதில்லை. கெடுவது புரதத்தின் மடிப்பு.

நரம்பணுக்களில் சைட்டோசினுக்கு அடுத்து அடினைன் வரும் இடத்திலும் மெத்தில் ஏறுகிறது; அதையும் மெக்பி2 பிடிக்கிறது. அங்கே எதிர் இழையில் தைமின், குவானின் என்று வரிசை அமையும். தைமினுக்கு 5ஆம் இடத்தில் பிறவியிலேயே ஒரு மெத்தில் உண்டு. ஆர்ஜினின்மேல் படிய அதுவே போதும்.

நீங்கள் தேடிய குழி வேறொரு புரதத்தில் இருக்கிறது. யூஎச்ஆர்எஃப்1இன் எஸ்ஆர்ஏ பகுதி, நகலெடுப்புக்குப் பின் ஒரே இழையில் மெத்தில் மிஞ்சிய இடத்தைத் தேடும் பகுதி. அது மெத்தில் சைட்டோசினைச் சுருளிலிருந்தே வெளியே புரட்டி, குழிக்குள் டைரோசின் வளையங்களிடையே செருகிவிடுகிறது. அந்த அமைப்பைத் திறக்கும்போதும் தண்ணீரை உடனே நீக்கிவிடாதீர்கள்.