இரவு பார் சுற்று: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கேள்வி: சுற்றுலா போகும் ஊர்களில் 'பப் கிரால்' என்று டிக்கெட் விற்கிறார்கள். கைடு ஒருவர் நாலைந்து பார்களுக்குக் கூட்டிப் போவாராம். பாருக்கு நாமே போகலாமே, இதில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

பதில்: கூட்டத்துக்கும், கைடுக்கும், வாசலில் காத்திருக்காமல் உள்ளே போவதற்கும்தான் முக்கியமாகப் பணம் கொடுக்கிறீர்கள். மது அதில் சிறு பங்கு. பொதுவாக இரவு 8 அல்லது 9 மணிக்கு ஓரிடத்தில் கூடுவார்கள். மூன்று, நான்கு பார்கள், கடைசியில் ஒரு நடன கிளப் என்று 4 முதல் 5 மணி நேரம் போகும். பல சுற்றுகளில் முதல் பாரில் ஒரு மணி நேரம் 'அளவில்லாக் குடி' தருவார்கள். அடுத்தடுத்த பார்களில் நுழையும்போது ஆளுக்கு ஒரு ஷாட், அதாவது ஒரே மடக்கில் குடிக்கும் சிறு கோப்பை மது. அதற்கு மேல் குடிப்பதெல்லாம் உங்கள் செலவு. கையில் காகிதப் பட்டை ஒன்று ஒட்டுவார்கள். அதுதான் உங்கள் டிக்கெட். அது அறுந்தாலோ தொலைந்தாலோ கிளப் வாசலில் நுழைவுக் கட்டணம் தனியாகக் கேட்பார்கள். இறுக்கமாக இருந்தால் ஒட்டும்போதே சொல்லித் தளர்த்திக்கொள்ளுங்கள், பிறகு கழற்றி ஒட்ட வராது.

டிக்கெட் வாங்கும் முன் சில கேள்விகளை நேராகக் கேட்டுவிட வேண்டும். எத்தனை பேருக்கு எத்தனை கைடு? கடைசி கிளப்பின் நுழைவுக் கட்டணம் இதில் அடக்கமா? கூட்டம் சேராவிட்டால் பணம் திரும்ப வருமா? சுற்று எந்தத் தெருவில் முடிகிறது? இவற்றில் முதல் கேள்வியைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். ஒவ்வொரு பாரிலிருந்தும் கிளம்பும்போது தலை எண்ணுகிற கைடு இருந்தால் அது நல்ல சுற்று. ஒரே கைடு, ஐம்பது பேர் என்றால் எண்ண முடியாது, எண்ணவும் மாட்டார். கழிப்பறைக்குப் போய் வந்தவர் பழக்கமில்லாத தெருவில் தனியாக நிற்பது அப்படித்தான். எங்கே முடிகிறது என்ற கேள்வியும் சாதாரணமானதல்ல. கைடின் பொறுப்பு கடைசி வாசலோடு சரி. உங்களை அறைக்குக் கொண்டுபோய் விடுவது அவர் வேலையில் சேராது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதன்பின் டாக்சிக்கு என்ன வழி என்பதையெல்லாம் பகலிலேயே பார்த்து வையுங்கள். தங்கும் இடத்தின் முகவரியை அந்த ஊர் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: அந்த ஒரு மணி நேர அளவில்லாக் குடியிலேயே டிக்கெட் காசை எடுத்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: இந்தச் சுற்றுகளில் ஆட்கள் விழுவது பெரும்பாலும் அந்தக் கணக்கால்தான். குடித்த மது ரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். அதாவது மூன்றாவது கோப்பையை நீங்கள் எடுக்கும்போது முதல் கோப்பையே இன்னும் முழுதாக ஏறியிருக்காது. 'ஒன்றும் செய்யவில்லையே' என்று தோன்றுவது அதனால்தான். இரண்டாவது பாருக்கு நடக்கும்போது எல்லாம் சேர்ந்து அடிக்கும், அங்கே வாசலிலேயே ஒரு ஷாட்டை நீட்டுவார்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மில்லி அளவை மதுவின் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் தூய ஆல்கஹால் எத்தனை கிராம் என்று கிடைக்கும். 5 சதவீத பீர் 330 மி.லி. என்றால் 13 கிராம். 40 சதவீத மதுவில் 30 மி.லி. ஷாட் என்றால் ஒன்பதரை கிராம். முதல் மணி நேரத்தில் மூன்று பீர், பிறகு நான்கு ஷாட் என்று வையுங்கள். மொத்தம் 77 கிராம். கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும், அவசரப்படுத்த வழியே இல்லை. மணிக்கு 8 கிராம் என்று எடுத்தாலும் எல்லாம் தீர ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு 9 மணிக்குத் தொடங்கியவருக்குக் காலை ஆறரைக்குத்தான் ரத்தம் தெளியும். விடிந்ததும் வாடகை ஸ்கூட்டரை எடுக்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. தூங்கி எழுந்ததாலேயே தெளிந்துவிட்டது என்று ஆகாது.

ஷாட்டின் அளவும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 25 அல்லது 35 மி.லி., ஜெர்மனியில் 20 அல்லது 40, அமெரிக்காவில் சுமார் 44. அமெரிக்க ஷாட் ஒன்று 30 மி.லி. ஷாட் ஒன்றரைக்குச் சமம். எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பவர் இதில் ஏமாந்துபோவார். அதே அளவு குடித்தாலும் பெண்களுக்கு ரத்தத்தில் செறிவு கூடும். உடலில் நீரின் பங்கு குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம்.

ஆகவே முதல் மணி நேரத்தில் ஒன்று, அதற்குப் பின் மணிக்கு ஒன்று, இடையிடையே ஒரு டம்ளர் தண்ணீர். இந்த வேகத்தில் போனால் கடைசி கிளப்பிலும் பாட்டு காதில் விழும், பக்கத்திலிருப்பவர் பேரும் நினைவில் நிற்கும். நீட்டுகிற ஷாட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்த டிக்கெட்டிலும் எழுதியிருக்காது.

கேள்வி: போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டால் ஏறாது என்பது உண்மையா?

பதில்: ஏறும், மெதுவாக ஏறும். மது அதிகமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலில். வயிற்றில் உணவு இருந்தால் இரைப்பையின் கீழ்வாசல் மெல்லத்தான் திறக்கும், அதனால் மது சிறுகுடலுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். ஏறிய பிறகு சாப்பிடுவதால் இறங்காது. காபியும் எனர்ஜி டிரிங்கும் தூக்கத்தை மட்டும் விரட்டும், மது அப்படியேதான் இருக்கும். எனர்ஜி டிரிங்கில் கலந்து குடிப்பவருக்குத் தான் தெளிவாக இருப்பதாகத் தோன்றி இன்னும் இரண்டு உள்ளே போய்விடும். அந்தக் கலவையை ஒதுக்குவதே நல்லது.

கேள்வி: எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. நண்பர்களுக்காகப் போனால் சங்கடமாக இருக்குமா?

பதில்: தாராளமாகப் போகலாம். சில சுற்றுகளில் குடிக்காதவருக்குக் குறைந்த விலை டிக்கெட் உண்டு. அறிவிப்பில் போடாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். கூடும் இடத்திலேயே கைடிடம் சொல்லிவிட்டால் ஷாட்டுக்குப் பதில் ஜூஸோ சோடாவோ வந்துவிடும். கையில் ஒரு கோப்பை இருந்தால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். யாராவது கோப்பையில் எதையாவது கலந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது, அதற்காக வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. கோப்பையை பார்காரர் கையிலிருந்து நேராக வாங்குங்கள். கழிப்பறைக்குப் போனால், நடனமாடப் போனால், விட்டுச் சென்ற கோப்பையைத் திரும்பத் தொடாதீர்கள், புதிதாக ஒன்று வாங்குங்கள். கண்ணெதிரே மூடி திறக்கும் பாட்டில்தான் கைக்கு அடக்கம், கட்டைவிரலால் வாயை மூடிக்கொள்ளவும் முடியும். சுற்று தொடங்கும்போதே தனியாக வந்த இன்னொரு பெண்ணுடன் பேசி, 'நீங்கள் இல்லாமல் நான் கிளம்பமாட்டேன், நான் இல்லாமல் நீங்களும் கிளம்பாதீர்கள்' என்று வெளிப்படையாகச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு எந்தக் கருவியைவிடவும் உதவும்.

குடித்த அளவுக்குப் பொருந்தாத மயக்கம், திடீரென நாக்குக் குழறல், கால் தள்ளாட்டம் வந்தால் உடனே கைடிடமும் பாரின் ஊழியரிடமும் சொல்லுங்கள். 'காற்று வாங்கலாம் வா' என்று கூப்பிடும் புதியவரோடு வெளியே போகாதீர்கள். மருத்துவமனையில் சிறுநீர் மாதிரியைச் சீக்கிரம் கொடுங்கள். இப்படிக் கலக்கப்படும் ஜி.எச்.பி. என்ற மருந்து சுமார் 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால் சாட்சி கையை விட்டுப் போய்விடும்.

கேள்வி: கலப்பட மதுவால் பயணிகள் இறந்த செய்தி படித்தோம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது. கலப்பட மதுவில் இருக்கும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலை நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் பிரித்தறிய வராது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் நகரில் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் மெத்தனால் நஞ்சால் உயிரிழந்தார்கள் என்ற செய்தியைத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுக்கிறது, ரத்தத்தை அமிலமாக்குகிறது. சுமார் 30 மி.லி. மெத்தனாலே உயிரைக் குடிக்கலாம்.

ஏமாற்றுவது அதன் தாமதம். அறிகுறி தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆகையால் மறுநாள் வரும் தலைவலியும் வாந்தியும் வழக்கமான ஹேங்ஓவர் என்று நினைத்துப் படுத்துக்கொள்வார்கள். பார்வை மங்கினால், பனி கொட்டுவது போல் கண்ணில் வெள்ளையாகத் தெரிந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், வயிறு கடுமையாக வலித்தால் அது ஹேங்ஓவர் இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போய், மெத்தனாலாக இருக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள். ஃபோமெபிசோல் என்ற நஞ்சுமுறி மருந்தும் டயாலிசிஸும் உண்டு. நேரத்தில் கிடைத்தால் கண்ணும் உயிரும் தப்பும். அதே பாட்டிலிலிருந்து குடித்த மற்றவர்களையும் அறிகுறிக்குக் காத்திராமல் அழைத்துப் போங்கள்.

தவிர்க்க ஒரு வழி உண்டு. ஆபத்து பெரும்பாலும் பெயர் தெரியாத நிறமில்லா மதுவிலும், பெரிய ஜாடியில் முன்கூட்டியே கலந்து வைத்த காக்டெயிலிலும், இலவசமாக ஊற்றும் ஷாட்டிலும்தான். ஆலையில் அடைத்து மூடியோடு வரும் பீரில் இந்த அபாயம் மிகக் குறைவு. இப்படிச் செய்தி வந்த ஊர்களில் டிக்கெட்டோடு வரும் ஷாட்டை வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பில்லில் ஏமாறாமல் இருக்க?

பதில்: ஒவ்வொரு கோப்பைக்கும் அப்போதே பணம் கொடுத்துவிடுங்கள். கார்டை பார்காரரிடம் ஒப்படைத்துக் கணக்கைத் திறந்து வைத்தால், கூட்டம் அடுத்த பாருக்குக் கிளம்பும்போது கார்டு அங்கேயே தங்கிவிடும். கார்டு இயந்திரம் உள்ளூர்ப் பணமா உங்கள் நாட்டுப் பணமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இன்னொன்றில் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம். தெருவில் ஒருவர் வந்து 'நானும் அதே சுற்றுதான், நல்ல பார் ஒன்று காட்டுகிறேன்' என்று அழைத்தால் போகாதீர்கள். விலைப்பட்டியல் இல்லாத பாரில் உட்கார வைத்து, கதவருகே ஆளை நிறுத்திப் பெரிய பில் நீட்டுவது பழைய தந்திரம்.

கேள்வி: சில நகரங்களில் இந்தச் சுற்றுக்கே தடை என்கிறார்களே?

பதில்: ஆமாம். பிராக் நகரம் 2024-இல் இரவு 10 முதல் காலை 6 மணி வரை கைடு நடத்தும் பார் சுற்றுகளைத் தடை செய்தது. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் மகலூஃப் உள்ளிட்ட சில பகுதிகளில் 2020-லிருந்தே தடை. இரவில் தூங்க முடியவில்லை என்ற குடியிருப்பவர்களின் குறை இந்தத் தடைகளுக்கு ஒரு முக்கியக் காரணம், அது நியாயமான குறையும்கூட. ஒரு பாரிலிருந்து அடுத்த பாருக்கு நடக்கும் அந்த ஐந்து நிமிடம் குரலை அடக்குங்கள். கோப்பையைத் தெருவுக்கு எடுத்துவராதீர்கள், பல ஊர்களில் அதற்கே அபராதம் உண்டு. வயது வரம்பும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 21, ஜப்பானிலும் தாய்லாந்திலும் 20. சில வாசல்களில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள், போனில் உள்ள படம் செல்லாது. எந்த ஆவணம் போதும் என்று முதலிலேயே கேட்டு, அசலைக் கொண்டுபோனால் ஜிப் வைத்த உள்பையில் வையுங்கள்.

கேள்வி: மாத்திரை சாப்பிடுபவர்கள்?

பதில்: தூக்க மாத்திரை, மார்ஃபின், கோடீன் போன்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரை, தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரை இவற்றோடு மது சேரவே கூடாது. மூச்சு மந்தமாகும். இன்சுலின் போடுபவர்களுக்கு இரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பயண மருந்துப்பையில் உள்ள மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் மதுவோடு சேராது என்பதே வழக்கமான எச்சரிக்கை. கிளம்பும் முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கூட வந்தவர் குடித்து மயங்கி விழுந்தால் தூங்க விடலாமா?

பதில்: கூடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் உள்ளது ஏறிக்கொண்டே இருக்கும். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கிடையே 10 விநாடி இடைவெளி, உதடோ நகமோ நீலம், உடல் சில்லிட்டிருக்கிறது, இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேற்பக்க முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றினால் உடல் உருளாது. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாய் கீழ்நோக்கி இருக்கும்படி செய்யுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தலையில் தண்ணீர் ஊற்றுவது, காபி புகட்டுவது, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். போலீஸ் வருமோ, காப்பீடு கிடைக்காமல் போகுமோ என்று தயங்கி அறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அளவுமீறிய குடியால் வரும் செலவைப் பல பயணக் காப்பீடுகள் தருவதில்லை என்பது உண்மைதான். அந்தப் பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.